அத்தை பார்த்த வைத்தியமும் இன்றைய வைத்தியமும் ஒன்றா?

கேள்வி: என் அத்தைக்கு 1991-ல் கல்யாணம். சேலத்திலேயே பத்து வருடம் வைத்தியம் பார்த்தார், குழந்தை இல்லை. எனக்கு இப்போது 31 வயது, எங்களுக்கு ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை முறை சொல்லியிருக்கிறார்கள். "அந்த ஊசிக்கெல்லாம் போகாதே, என் உடம்பு போனது போதும்" என்கிறார் அத்தை. அவர் பார்த்த அதே வைத்தியம்தானா இப்போதும்?

பதில்:

ஒன்றில்லை. ஆனால் அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். நான் 1994-ல் சேலத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தேன். கடைசி பதினைந்து வருடமாகக் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் அத்தை வயதுப் பெண்களுக்கு இடுப்பில் ஊசி போட்டதும் நான்தான், உங்கள் வயதுப் பெண்களுக்கு வயிற்றில் தாங்களே எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லித் தருவதும் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரு பெண் எங்களிடம் வரும்போதே கல்யாணமாகி நாலைந்து வருடம் ஓடியிருக்கும். அதற்குள் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதல், மரத்தில் தொட்டில் கட்டியது, நாட்டு மருந்து எல்லாம் முடிந்திருக்கும். அக்கம்பக்கத்தில் வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பார்கள். கூட மாமியார் வருவார், இல்லையென்றால் அம்மா. கணவர் வரமாட்டார். வந்தாலும் எதிரே டீக்கடையில் நிற்பார். "கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சுங்க, ஒரு விசேஷமும் இல்லை" என்று மாமியார்தான் பேச ஆரம்பிப்பார். அந்தப் பெண் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்திருப்பாள்.

உடனே வைத்தியம் அவள் உடம்பில் தொடங்கிவிடும். முதலில் டி அண்ட் சி, ஊரில் வயிறு கழுவுவது என்பார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவது. முட்டை வெளிவருகிறதா, கர்ப்பப்பையில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க அன்று கையில் இருந்த வழி அது. காசநோய் குழாயை அடைத்துவிடும், நம் நாட்டில் அது முக்கியமான காரணமும்கூட. அதனால் ஒரு முறை செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் மாறி டாக்டர் மாறி, ஒரே பெண்ணுக்கு மூன்று முறை, நான்கு முறை செய்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே. அப்புறம் முட்டை வளர குளோமிஃபீன் மாத்திரை, மாதாமாதம். முட்டை ஸ்கேன் என்றால் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதுதான், அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். வாழப்பாடியிலிருந்து, ஓமலூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, வரிசையில் நெளிந்துகொண்டிருப்பார்கள். அதற்கும் பிறகு லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது. இத்தனையும் முடிந்த பிறகுதான், "சரி, வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்.

1998 என்று நினைவு. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்பவர். அவர் மனைவிக்கு ஆறு வருடத்தில் மூன்று டி அண்ட் சி, ஒரு லேப்ராஸ்கோப்பி ஆகியிருந்தது. அவர் கையில் முதன்முதலாக அந்தச் சிறு டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர், சாயங்காலம்தான் திரும்பி வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை, அவ்வளவு கூச்சம். மறுபடி வரச் சொன்னோம். மாதிரி கொடுக்கத் தனி அறையெல்லாம் அன்று கிடையாது. வராந்தா கோடியில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். ரிப்போர்ட் வந்தது, விந்தணு ஒன்றுகூட இல்லை. உறுதிப்படுத்த இன்னொரு முறையும் எடுத்தோம், அதே முடிவு. "மிஷின் தப்பாக் காட்டுது" என்றார் மாமியார். அவர் அதற்குள் மகனுக்கு வேறு பெண் பார்க்கவே ஆரம்பித்திருந்தார். எல்லோரும் வெளியே போன பிறகு அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா அக்கா?" இல்லை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள். குழந்தைக்காக அழுத அழுகை இல்லை அது.

அவர்களுக்கு அன்று எங்கள் மருத்துவமனையில் செய்ய ஒன்றும் இல்லை. வழியே இல்லை என்று சொல்ல முடியாது, வழி தூரத்தில் இருந்தது. இங்கிலாந்தில் 1978 ஜூலையில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள், உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உறைய வைத்த கருவை எடுத்து வைத்துப் பிறந்த குழந்தை அது. ஆனால் அவர் சொன்னதை அன்றைய அரசுக் குழு நம்பவில்லை, வேறு வேலைக்கு மாற்றினார்கள், 1981-ல் அவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து 1986-ல் ஹர்ஷா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்த விஞ்ஞானி ஆனந்த குமார்தான், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலில் செய்தவர் அவரே என்று 1997-ல் வெளிப்படையாகச் சொன்னார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு வாசல் திறந்தது அப்போதுதான்.

வாசல் என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறினால் விடிகாலை சென்னை. சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். லாட்ஜில் பதினைந்து நாள் தங்குவார்கள். சிலர் ஊசி மருந்தை வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுவந்து, "யாருக்கும் சொல்லாதீங்க" என்று என்னிடம் தினமும் போட்டுக்கொள்வார்கள். தாலிக்கொடியைத் தவிர எல்லாம் அடகுக்கடையில் இருக்கும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த ஊசி எப்படி மாறியிருக்கிறது?

அன்றைய முறையில், முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியின் 21-ஆம் நாளே ஒரு ஊசி தொடங்கிவிடும். அது உடம்பின் சொந்த ஹார்மோனை அடக்கி வைக்க. பத்துப் பதினைந்து நாள் அது போன பிறகு முட்டை வளர்க்கும் ஊசி. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது, சதைக்குள் ஆழமாகப் போட வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு பக்க இடுப்பும் கட்டி கட்டியாகிவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அடுத்த ஊசிக்கு இடம் தேடுவேன். சிலருக்கு முட்டைகள் அளவுக்கு மீறி வளர்ந்து, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். உங்கள் அத்தை "உடம்பு போனது" என்பது இதில் எதுவாகவும் இருக்கலாம். அவர் மிகைப்படுத்தவில்லை.

இன்று பெரும்பாலோருக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஆரம்பித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நாளில் ஊசி முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து, பேனா போன்ற கருவி, மெல்லிய ஊசி, தொப்புளுக்குக் கீழே தோலுக்கடியில் போட்டால் போதும். முட்டை முன்கூட்டியே வெடித்துவிடாமல் இருக்கத் தனி ஊசி கடைசி சில நாட்களுக்கு மட்டும். நீர் கோக்கும் ஆபத்து உள்ளவர்கள் யார் என்று, முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முன்பே ஓரளவு சொல்லிவிடும். அவர்களுக்கு முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியை மாற்றிப் போட்டு, கருவை உடனே வைக்காமல் உறைய வைத்துவிடுகிறோம். ஆபத்து முற்றிலும் போகவில்லை, ஆனால் நான் 2000-ல் பார்த்த மாதிரி வயிறு வீங்கிய பெண்களை இப்போது வார்டில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

உறைய வைப்பதும் மாறிவிட்டது. முன்பு மெதுவாகக் குளிரவைப்பார்கள், உள்ளே பனிக்கட்டி உருவாகிக் கரு சிதையும். இப்போது நொடியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கண்ணாடிபோல் உறைகிறது, திரும்ப எடுக்கும்போது பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கிறது. இதனால்தான் மூன்று நான்கு கருவை ஒன்றாக வைக்க வேண்டிய கட்டாயம் போனது. அன்றைக்கு, "ஒண்ணாவது நிக்கட்டும்" என்று வைத்து, மூன்றும் நின்று, ஏழாம் மாதத்தில் பிறந்து, இன்குபேட்டர் வாசலில் கிடந்த குடும்பங்கள் எத்தனை! இன்றும் "ரெட்டையா வச்சிடுங்க, ஒரே செலவா போயிடும்" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இரட்டை என்றால் தாய்க்கு ரத்த அழுத்தம், குறைப்பிரசவம் எல்லாம் கூடும்.

ஆண்கள் விஷயத்தில் வந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் இக்ஸி வந்தது: ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் ஒரு முட்டைக்குள் செலுத்துவது. விந்தில் அணுவே இல்லாதவர்களுக்கும் விரையிலிருந்து நேரடியாக எடுத்துப் பார்க்கலாம், கிடைத்தால் போதும். அது சேலத்திலேயே கிடைக்க ஆரம்பித்த பிறகு ஆண்களும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்கள். வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதன் பரிசோதனைக்கே வருகிறான். பட்டறைத் தொழிலாளியின் கூச்சத்தை வெறும் படிக்காத்தனம் என்று அன்று நானும் நினைத்தேன், இன்று அப்படி நினைக்கவில்லை. வழியில்லாத குறையைத் தெரிந்துகொண்டு அவர் என்ன செய்திருப்பார்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணவருக்குக் கவுண்ட் குறைவு, மனைவிக்கு ஒரு குறையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஊசி யாருக்கு? மனைவிக்கு. முட்டை எடுக்க மயக்க மருந்து? மனைவிக்கு. கரு நிற்கவில்லை என்றால் உதிரம் போவது? அவளுக்குத்தான். வைத்தியம் இவ்வளவு வளர்ந்தும் இந்தக் கணக்கு மாறவில்லை. அத்தை சொன்னதில் பாதி உண்மை என்றது இதைத்தான்.

வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும், சேலத்துக்காரர்கள் கோயம்புத்தூருக்கும் போவார்கள், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று. இன்று சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் உள்ள கூட்டமான மையத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தாலும், "உங்களுக்கு என்னிக்கு பிக்அப்?" என்று, முட்டை எடுக்கும் நாளைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர் குடும்பங்கள் எப்போதும் வருவார்கள். அவர்களில் பலருக்கு உடம்பில் குறையே இருக்காது. முட்டை வெடிக்கிற நாளில் அவர் குஜராத்தில் இருப்பார், வீட்டில் இருக்கிற நாளில் இவளுக்கு மாதவிடாய். வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பெண்கள் உண்டு, நாட்களை ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அவர் வடக்கே கிளம்பும் முன் மாதிரி கொடுத்து உறைய வைத்துவிட்டுப் போகிறார். மாத்திரை போடும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி, "மாசத்துல எத்தனை நாள் ஒண்ணா இருப்பீங்க?"

முன்பு கோயில் குளம் சுற்றித் தாமதமாக வந்தார்கள். இப்போது படிப்பு, வேலை, கல்யாணமே 30-க்கு மேல், அதனால் தாமதம். இன்னொரு பக்கம், கல்யாணமாகி நாலு மாதத்தில் பதறிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். 35-க்குள் இருந்தால் ஒரு வருடம் முயற்சி செய்து பார்க்கலாம். 35-ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பிராய்லர் கோழியால் ஊரே மலடாகிவிட்டது என்று பேசுவதை நம்பாதீர்கள். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. அது பெரும்பாலும் நாமே போதும் என்று நிறுத்தியதால். உடல் எடை, நீர்க்கட்டி, தைராய்டு, தள்ளிப்போன வயது, இவற்றைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டுக் கட்டி என்று பயப்படுகிறார்கள். அது முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

என் மனதை மிகவும் அறுப்பவர்கள் வேறு ஒரு கூட்டம். 23, 24 வயதில் இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, நாற்பதை நெருங்கும்போது பைக் விபத்தில் பிள்ளையை இழந்து வருகிறவர்கள். அன்று குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் ஒன்றுதான் வழி. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அரசு செலவில் அதைச் செய்துகொடுத்தார்கள். இப்போது ஐவிஎஃப் இருக்கிறது. ஆனால் முட்டையின் வயதை எந்த ஊசியும் குறைக்காது. 42, 43 வயதில் சொந்த முட்டையில் குழந்தை என்பது மிகச் சிலருக்கே. அந்தத் தாய்க்கு அதைச் சொல்லும் வேலை என்னுடையது.

அப்புறம் தானமுட்டைப் பேச்சு வரும். இதில் முன்பு கேட்பாரில்லை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் பெரியவளாகக் காட்டிப் பலமுறை முட்டை எடுத்த வழக்கு வெளியே வந்தபோது, பெற்ற தாயே கைதானாள். நம் பக்கத்து மாவட்டத்தில்! அதே ஆண்டு ஜனவரியில்தான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. முட்டை தருபவர் 23-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 உச்ச வயது. காத்திருப்பு நீண்டுவிட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள். நீளட்டும் என்பேன். தரகர் வழியாக யாராவது "உடனே ஏற்பாடு பண்றேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான், பெண் குழந்தைகளைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போகட்டும் என்று. அதே ஊரில்தான் பிள்ளை இல்லையே என்று அழுதவர்களுக்கும் நான் ஊசி போட்டேன். அவர்களிலும் சிலர், "பையனா பாத்து வைக்க முடியுங்களா?" என்று கேட்டார்கள். கருவுக்கு முன்போ பின்போ பாலினம் பார்த்துத் தேர்வது குற்றம், 1994 சட்டமும் 2003 திருத்தமும் தெளிவாகச் சொல்கின்றன. கடந்த சில வருடங்களாக அந்தக் கேள்வி என் மேசைக்கு வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. கருவின் போட்டோவை மொபைலில் வைத்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எங்க குழந்தைங்க" என்று ஒரு நெசவுத் தொழிலாளி சொன்னதைப் போன மாதம்தான் கேட்டேன்.

கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டும் என்றும் அத்தை சொல்லக்கூடும். அன்று நாங்களே அப்படித்தான் சொன்னோம். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண், இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ் குலுங்கினால் கரு விழுந்துவிடும் என்று பயந்து, பதினான்கு நாள் சேலத்தில் அறை எடுத்துப் படுத்தே கிடந்தாள், காப்பித் தோட்டக் கூலியை இழந்து. படுக்கையால் கரு நிற்பது கூடுவதில்லை என்று ஆய்வுகள் பின்னால் காட்டின. இப்போது கரு வைத்த அன்றே மலைக்குப் பஸ்ஸில் அனுப்பி வைக்கிறேன். மாறாதது அந்தப் பதினான்கு நாள் காத்திருப்பு. கர்ப்பத்தை உறுதிசெய்யும் பீட்டா ரத்த ரிப்போர்ட் வரும்வரை தூக்கம் வராது, அதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

உங்களுக்கு 31 வயது, அது நல்ல வயது. ஆனாலும் முதல் முறையே நிற்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். உங்கள் வயதிலும் பலருக்கு இரண்டாவது முறை தேவைப்படுகிறது, பணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் ஊசி மருந்தும், உறைய வைப்பதும், அதற்கான வருட வாடகையும் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். ஐவிஎஃப் ஏன் என்று கேளுங்கள். குழாய் திறந்திருந்து, கணவரின் ரிப்போர்ட்டும் சரியாக இருந்தால், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ ஏன் போதாது என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. கணவரின் பரிசோதனை ஒரு முறைதான் எடுத்திருக்கிறார்கள் என்றால், சில வாரம் விட்டு இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை இறங்கும்.

அத்தையிடம், மாமாவுக்கு அன்று டெஸ்ட் எடுத்தார்களா என்று கேட்காதீர்கள். பதில் எதுவாக இருந்தாலும் அவருக்கு வலிக்கும். வர விரும்பினால் ஸ்கேன் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை இப்போது. உள்ளே உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும். திரையில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும் முட்டைப் பைகளை நான் அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். அவருடைய பத்து வருடத்தில் யாரும் அவருக்கு அந்தத் திரையைத் திருப்பிக் காட்டியிருக்க மாட்டார்கள்.